செவ்வாய்க்கிழமை மன்றாட்டுகளும் நான் போடாத கையெழுத்தும்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
புதன்கிழமை

அன்பு மகள் புனிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் அதை உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு நிச்சயம். நான்கு நாளாக உன் போனில் நம் வீட்டுக் கூடம் இருட்டாகத் தெரிந்திருக்கும். மின்வெட்டும் இல்லை, எனக்கு ஒன்றும் ஆகிவிடவும் இல்லை. நீ போன கிறிஸ்துமஸுக்கு வந்து மாட்டிவிட்டுப் போன கேமராவை சனிக்கிழமை காலையில் நானே பிடுங்கி, துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டேன். டிசம்பரில் வரும்போது எடுத்துக்கொண்டு போ. நான் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று நீ கேட்பாய். எதிர் வீட்டு வெள்ளையம்மாளிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன், காலை ஏழு மணிக்கு நான் வாசல் தெளிக்காவிட்டால் அவள் வந்து பார்ப்பாள். அவள் பார்த்ததை எங்கேயும் சேமித்து வைக்கமாட்டாள், வெற்றிலை போட்டதும் பாதி மறந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போது நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான், ஆனால் அது மட்டும் இல்லை, அந்தக் காரணத்தை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன். நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் போனில் நீ என்னை முழுதாகச் சொல்லவிடவில்லை. இதை வாட்ஸப்பில் அனுப்பாமல் தாளில் எழுதி ஒட்டி அனுப்புவது ஏன் என்பதும் படித்தால் உனக்கே புரியும்.

நம் கோயிலில் செவ்வாய்தோறும் நடக்கும் அந்தோனியார் நவநாள் உனக்குத் தெரியும். பீடத்துக்கு முன்னால் உள்ள மரப்பெட்டியில் ஜனங்கள் மன்றாட்டுச் சீட்டு எழுதிப் போடுவார்கள், அதை எடுத்து மைக்கில் வாசிக்கும் பொறுப்பு பதினோரு வருஷமாக என்னுடையது. அதில் எனக்கு ஒரு முறை இருந்தது. பெயரை ஒருநாளும் வாசித்ததில்லை. நோயுற்ற ஒரு மகளுக்காக, பிரிந்திருக்கும் ஒரு குடும்பத்துக்காக என்று மட்டும்தான் சொல்வேன், வாசித்து முடித்ததும் சீட்டுகள் தூபக் கரியில் எரிந்துவிடும். சீட்டில் என்னவோ எல்லோரும் முழுப்பெயர்தான் எழுதுவார்கள், பெயர் போடாமல் கேட்டால் அந்தோனியார் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று பயம். ஜூன் மாதத் திருநாள் முடிந்த கையோடு, உன்னோடு படித்த ஆன்டனி, அவன்தான் இப்போது பங்குப் பேரவைச் செயலாளர், செபக்கூடு என்ற செயலியைக் கொண்டுவந்தான். சென்னையில் ஒரு கம்பெனி நடத்துகிறதாம். செப நேரத்துக்கு மணி அடிக்கும், தினம் ஒரு வசனம் வரும், மன்றாட்டையும் அதிலேயே போட்டுவிடலாம், எல்லாம் இலவசம் என்றான். இலவசம் என்ற இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தட்டெழுதத் தெரியாது, பெட்டிச் சீட்டுகளை யாராவது போனில் ஏற்றிக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஃபாதர் சொன்னார். நானே செய்கிறேன் என்று எழுந்து நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, புனிதா. பெருமை.

ஜூலை முழுவதும் உட்கார்ந்து நூற்று எண்பத்து மூன்று மன்றாட்டுகளை ஏற்றினேன். பெயர், வயது, போன் நம்பர், யாருக்காக, என்ன உறவு, என்ன தேவை என்று கட்டம் கட்டமாக இருந்தது. நட்சத்திரக் குறி போட்டதை மட்டும் நிரப்பினால் போதும், மற்றதை விட்டுவிடுங்கள் என்று ஆன்டனியே சொன்னான். எனக்குத்தான் மனசு வரவில்லை. வெற்றிடம் விட்ட தாளை நான் திருத்தமாட்டேன் என்று சிஸ்டர் கார்மேல் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அறுபது வருஷமாக என் விரலில் இருக்கிறது. வயது எழுதாதவர்களுக்குப் போன் போட்டு வயது கேட்டேன், வெறுமனே நோய் என்று எழுதியவர்களிடம் என்ன நோய் என்று கேட்டேன். கேட்டதும் சொன்னார்கள், கேட்பது இந்த ஊர் டெலிபோன் ஆபரேட்டரம்மா அல்லவா. ஒவ்வொரு மன்றாட்டின் அடியிலும் ஒரு சின்னச் சதுரம் இருந்தது, இவர்களின் அனுமதியைப் பெற்றுவிட்டேன் என்று பக்கத்தில் போட்டிருந்தது. அதையும் நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் குறி போட்டேன். பெட்டியில் சீட்டுப் போட்டதே அனுமதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் பிறந்ததும் ஊரில் போன் அடிக்க ஆரம்பித்தது. குடியை விட வேண்டும் என்று கேட்ட ஒருவருக்கு, சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து விற்பவன் நாளுக்கு மூன்று முறை பேசினான், அவருடைய பட்டறையில் வேலைசெய்பவர்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மனை நல்லபடியாக விற்க வேண்டும் என்று கேட்ட ஒரு விதவைக்கு, முன்பின் தெரியாத தரகர்கள் வாசலுக்கே வந்தார்கள். அவர்கள் பெயரை உனக்கும் சொல்லமாட்டேன். மயிலம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து நவநாளுக்கு வரும் விருத்தாசலத்தைத் தெரியுமல்லவா, காணாமல் போன வெள்ளாட்டுக்காக மன்றாட்டு வைத்திருந்தார், அவருக்கு ஆட்டுக்கறி வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று மெசேஜ் வந்தது. "அந்தோனியாரு ஆட்ட கண்டுபிடிச்சிட்டாரும்மா, ஆனா வெட்டிட்டாங்க போல" என்று என்னிடம் வந்து சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மெர்லினையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பின்தெரு லூர்துசெல்வியின் மகள், மயிலத்தில் கல்லூரி நூலகத்தில் வேலைபார்க்கிறாள், உன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்த பிள்ளை. முகையூரில் ரஞ்சித் என்ற நல்ல பையனைப் பேசி முடித்து, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும், உனக்கு நினைவிருக்கும். மாத்திரை சாப்பிட்டு நான்கு வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை, இருந்தாலும் திருமண நாளில் வந்துவிடக் கூடாதே என்று அவள் அம்மா அந்தோனியாருக்குச் சீட்டு எழுதிப் போட்டிருந்தாள். மெர்லின் இதை ரஞ்சித்திடம் பேச்சு ஆரம்பித்த அன்றே சொல்லிவிட்டாள். அவன், அம்மாவிடம் நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றிருக்கிறான். ஓலை வாசித்த வாரத்தின் புதன்கிழமை ரஞ்சித்தின் அம்மா புடவை விஷயம் பேச வந்திருக்கிறாள். லூர்துசெல்வி அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் மாவு, கூடத்தில் அவள் போன் மூன்றாவது முறையாக அடித்தது. "யாருன்னு கொஞ்சம் எடுத்துக் கேளுங்க அண்ணி, நான் கை கழுவிக்கினு வர்றேன்" என்றாள். அந்த அம்மாள் எடுத்தாள். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண், உங்க மகள் மெர்லின், வயது இருபத்தாறு, அவங்க வலிப்பு நோய்க்கு எங்க மருத்துவமனையில இந்த மாதம் சிறப்பு முகாம் மேடம், பெயரைப் பதிவு பண்ணட்டுமா என்று கேட்டாள். ரஞ்சித்தின் அம்மா போனைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள், கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

போன் வந்த அந்தப் புதன்கிழமை மாலையே லூர்துசெல்வி என் கூடத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள், நீ வைத்த கேமராவுக்கு நேர் எதிரே. "யாரு அக்கா சொல்லியிருப்பாங்க, டாக்டரா, மருந்துக்கடையா, என் பொண்ணு வாழ்க்கையே பூட்ச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வயசக்கூட தப்பா சொல்லிச்சாம்க்கா அந்தப் பொண்ணு, இருவத்தாறாம், இவளுக்கு இருவத்தினாலுதான் ஆவுது" என்றாள். சீட்டில் வயது இல்லை. ஏற்றிய அன்றைக்கு லூர்துசெல்விக்குப் போன் போட்டேன், அவள் எடுக்கவில்லை. கட்டத்தை வெற்றிடமாக விட மனமில்லாமல், மெர்லின் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய வருஷத்தை நினைவிலிருந்து எடுத்து, நானே கூட்டிக் கழித்து இருபத்தாறு என்று போட்டேன். அந்த இருபத்தாறு உலகத்தில் வேறு எந்தத் தாளிலும் கிடையாது, எந்த மருத்துவரிடமும் கிடையாது. என் தவறு வெளியே போய் ஊர் சுற்றிவிட்டு என் கூடத்துக்கே திரும்பி வந்திருந்தது. அவளிடம் அப்போதே சொன்னேன். நான்தான் ஏற்றினேன், இந்த வயதைப் போட்டது நான்தான் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

உனக்கு நான் பெருமைக்காரி என்று தெரியும். எதன்மேல் பெருமை என்று தெரியுமா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன், அதில் பாதிக்குமேல் வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கும் ட்ரங்க் போர்டில். இந்த ஊரில் யாருக்கு யார் கடன், யார் வீட்டுப் பெண் யாரை விரும்புகிறாள், எந்த டாக்டர் எந்த மனிதருக்கு நாள் குறித்தார், எல்லாம் என் காதைத் தாண்டித்தான் போயிற்று. இணைப்பு கிடைத்ததா என்று பார்க்க நாங்கள் லைனில் வந்து பேசுகிறீர்களா என்று கேட்போம், பேசுகிறோம் என்றதும் விலகிவிட வேண்டும், விலகுவதற்குள் விழுவது காதில் விழத்தான் செய்யும். வேலையில் சேர்ந்த அன்றே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பின்புறத் தென்னை கதை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான். உன் அப்பாவை விழுப்புரத்துக்கு மாற்றுகிறார்கள் என்று அவருடைய வேளாண் அலுவலகத்துக்கு வந்த கால் என் போர்டில்தான் வந்தது. உத்தரவு கைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் மனிதர், இனி இந்த ஊரை விட்டு அசையமாட்டேன் என்று கிணற்றடியில் குழி தோண்டி, எரு போட்டு, அந்தத் தென்னங்கன்றை நட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். உத்தரவு வந்த அன்று, உனக்குத் தெரிஞ்சும் சொல்லலையாடி என்று கத்தினார். எனக்குத் தெரியாது, ஆபரேட்டருக்குத்தான் தெரியும் என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஆறு வருஷம் தினம் ரயிலில் விழுப்புரம் போய்வந்தார், தென்னையும் காய்த்தது. வாயைத் திறக்காமலிருந்தே இந்த ஊரில் எனக்கு ஆபரேட்டரம்மா என்ற பெயர் வந்தது. முப்பத்தாறு வருஷம் காப்பாற்றியதை ஒரே ஒரு ஜூலையில் நானே கொட்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ செய்கிற வேலைக்கு இது தேவைப்படும். ட்ரங்க் காலில் மூன்று நிமிஷம் ஆனதும் நாங்கள் லைனில் வந்து, மூன்று நிமிஷம் ஆயிற்று, நீட்டிக்கலாமா என்று கேட்க வேண்டும். சரி என்றால்தான் அடுத்த மூன்று நிமிஷம். மறுபடி கேட்க வேண்டும். சாவுச் செய்தி சொல்லி அழுதுகொண்டிருப்பவரிடம்கூடக் கேட்டோம், எங்களைத் திட்டியவர்கள் உண்டு. உங்கள் கம்பெனிகள் ஒரே ஒருமுறை கேட்கின்றன, அதுவும் நாம் அவசரமாக இருக்கும்போது, அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க லைனிலேயே உட்கார்ந்துகொள்கின்றன.

ஆன்டனி மூலமாகக் கம்பெனிக்குப் புகார் போயிற்று. போன வியாழக்கிழமை பிரவீன்குமார் என்று ஒருவர் சென்னையிலிருந்து காரில் வந்தார். மரியாதையான ஆள், செருப்பை வாசலிலேயே கழற்றினார். செய்தி எங்களிடமிருந்து போகவில்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று ஆரம்பித்தார். இருபத்தாறைப் பற்றிச் சொன்னேன். காபியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மன்றாட்டு வைத்த அனைவரிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்றுத்தான் பதிவுசெய்தேன் என்று நான் உறுதி கூறுவதாக அதில் எழுதியிருந்தது. கீழே கோடு போட்டு என் பெயரும் அச்சாகியிருந்தது. நீங்கள் இதில் கையெழுத்துப் போட்டால் எல்லா மன்றாட்டையும் நீக்கிவிடுகிறோம், கோயிலுக்குப் புது ஒலிபெருக்கி செட் ஒன்றும் வாங்கித் தருகிறோம், போடாவிட்டால் விசாரணை முடியும்வரை எதையும் நீக்க முடியாது, தகவல் கொடுத்தவர் என்ற முறையில் பொறுப்பு உங்கள் பக்கம்தான் வரும் என்றார். மிரட்டல்தான், ஆனால் இஸ்திரி போட்ட மிரட்டல். ஆன்டனி என் பக்கமாகக் குனிந்து, "போட்ருங்க ஆபரேட்டரம்மா, ஜல்தியா முடிஞ்சிரும், இதுக்குப் போயி ஏன் பேஜாரு பண்ணிக்கினு" என்றான். அவனுடைய பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தை நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், அந்த உரிமையில் வாயை மூடு என்றேன். பிரவீன்குமாரிடம், தம்பி, மறுபடி கேட்காதீர்கள், பொய்யில் குறி போட்டது நூற்று எண்பத்து மூன்று முறை போதும், நூற்று எண்பத்து நாலாவது முறை போடமாட்டேன் என்றேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை யோசியுங்கள் என்று தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்மேல் நான் மிளகாய் காயப்போட்டேன்.

மறுநாள் பஸ் ஏறி விழுப்புரம் போனேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண் இடம் கேட்டாள், என் வெள்ளை முடியைப் பார்த்துவிட்டு அவளே நின்றுகொண்டாள், அந்த அளவு மரியாதை இன்னும் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் என்னோடு இருந்த தோழியின் மகள் சித்ரா அங்கே வக்கீலாக இருக்கிறாள். இதற்கென்று இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறதாம், முழுதாக நடைமுறைக்கு வர இன்னும் நாள் இருக்கிறதாம், இருந்தாலும் நோட்டீஸ் அனுப்பலாம் என்றாள். நான் எழுதிவைத்திருந்ததைப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, நான் யாரையும் கேக்கலன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா உங்க மேலயே திருப்பிடுவாங்க, அந்த வரிய எடுத்துடுங்க" என்றாள். அந்த ஒரு வரிதானம்மா என் கையில் இருக்கிற ஆயுதம் என்றேன். அவர்கள் நிற்பதே நான் அனுமதி வாங்கினேன் என்ற பொய்யின்மேல்தான், அதை நானே உருவிவிட்டால் அந்த நூற்று எண்பத்து மூன்றில் ஒன்றைக்கூட வைத்திருக்க அவர்களுக்கு எந்த முகாந்தரமும் இல்லை. என்னைக் கேவலப்படுத்துவார்கள் என்றால் படுத்தட்டும். எழுபத்தாறு வயதில் எனக்கு வேலையா போகப்போகிறது, பதவி உயர்வா நிற்கப்போகிறது. சித்ரா சிரித்துவிட்டு, சரி, அந்த வரியையே முதல் வரியாக வைக்கிறேன் என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று எழுதட்டுமா? அம்மா, நீங்கதான சம்மதம்னு அழுத்துனீங்க, சட்டப்படி அது செல்லும், விடுங்க, வயசான காலத்துல எதுக்கு என்றாய். செயலியில் நிபந்தனைகள் என்று போட்டிருக்கும் முப்பத்தொரு பக்கத்தையும் நான் எப்படிப் படிப்பது என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "யாரும் படிக்கமாட்டாங்கம்மா, படிக்காம இருக்கத்தான அப்படி எழுதறோம்" என்றாய். எழுதறோம் என்றாயே புனிதா. பக்கங்கள் வடிவமைக்கிற வேலை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும், அதைத்தான் கோயிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சம்மதம் என்பதைப் பெரிதாகப் பச்சையில் போட்டு, வேண்டாம் என்பதைச் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் ஒளித்துவைப்பது நீ என்று எனக்குத் தெரியாது. அது வேறு கம்பெனி, நான் வேறு கம்பெனி என்று சொல்லாதே. திருடன் வேறு ஊர்க்காரன் என்றால் களவு களவு இல்லை என்று ஆகிவிடாது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும் என்றும் கேட்டாய். மெர்லின் எதையும் ஒளிக்கவில்லை. சொல்ல வேண்டியவனிடம் சொல்லிவிட்டாள். அடுத்தவரிடம் எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது அவளுடையது, அதைத்தான் அவர்கள் திருடினார்கள். உண்மை என்றைக்கு இருந்தாலும் வெளியே வரத்தானே வேண்டும் என்று இங்கேயும் இரண்டு பேர் சொன்னார்கள். வரட்டும், அவரவர் வாயால் வரட்டும். வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன், உன் வேலை உன்னுடையது. ஆனால் அந்த முப்பத்தொரு பக்கத்தையும் இதோடு அச்செடுத்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படித்து, நான் எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று பின்தெருக்காரர்களுக்குப் புரியும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பு. ஒளித்து எழுதத் தெரிந்த கைக்கு வெளிச்சமாக எழுதவும் தெரியும்.

நேற்று நவநாள். ஃபாதரிடம் முன்பே சொல்லிவிட்டு, மைக்கில் மன்றாட்டுகளுக்குப் பதிலாக என் தாளை வாசித்தேன். உங்கள் சீட்டுகளைப் போனில் ஏற்றியது நான். உங்களில் யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று குறி போட்டேன், அது பொய். அந்தப் பொய்யைக் காட்டி ஒரு கம்பெனி உங்கள் வீட்டு விஷயங்களை அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறது, இப்போது அனுமதி வாங்கினேன் என்று என் கையெழுத்தும் கேட்கிறது, போடமாட்டேன் என்றேன். பெண்கள் பக்கத்தில் யாரோ "அய்யோ ஆபரேட்டரம்மாவா" என்றது காதில் விழுந்தது, அது என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. எழுதிவைத்திருந்த தாளைக் காட்டி, என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று ஒரு வரி இதில் இருக்கிறது, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் அதன் கீழே கையெழுத்துப் போடலாம், என்ன மன்றாட்டு என்று எழுத வேண்டாம் என்றேன். பெட்டியின் சாவியை ஃபாதர் கையில் கொடுத்தேன். இனிமேல் சீட்டுகளை யாரும் திறக்கப்போவதில்லை, மடித்தபடியே கரியில் போகும், அந்தோனியாருக்கு மடித்த தாளைப் படிக்கத் தெரியும். வாசிக்கிற வேலையும் அதோடு போயிற்று. வருத்தமாக இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

முதலில் எழுந்தது விருத்தாசலம். "என் ஆட்டயும் என்ன கேக்காம வித்துட்டானுங்க, எங்க போடணும் சொல்லுங்க" என்று பெரிய எழுத்தில் போட்டார், சனங்கள் சிரித்தார்கள், அதன்பிறகுதான் காற்றே வந்தது. வரிசையாக வந்தார்கள். லூர்துசெல்வி வந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவை வாங்கினாள், போட்டாள், போனாள். அது எனக்கு வேண்டியதுதான். கடைசியில், பின்வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாள் வந்தாள். ரஞ்சித்தின் அம்மா என்று அருகில் வந்த பிறகுதான் தெரிந்தது, மெர்லின்தான் கூட்டிவந்திருந்தாள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு தனியாக முகையூர் போயிருக்கிறாள். "போன்ல எவளோ சொன்னத உடுங்க ஆன்ட்டி, என் உடம்பு, என்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்" என்று வாசலில் நின்றே சொன்னாளாம். கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் இந்த விஷயம் என் வாயால்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றாளாம். அந்த அம்மாள் என்னிடம், "அந்தப் போன நான் எடுத்தது தப்பு, நீங்க எழுதினது தப்பு, எம் புள்ள வாயத் தொறக்காதது அதவிடத் தப்பு. தப்பே பண்ணாதது அந்தப் பொண்ணு ஒண்ணுதான், அத வேற ஊட்டுக்கு உடச் சொல்றீங்களா" என்றாள். வரும் ஞாயிறு இரண்டாம் ஓலை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை ஏன் போனை வைத்தேன் என்பது. பேச்சுவாக்கில் நீ, எனக்கும்தான் ரெண்டு மாசமா தூக்க மாத்திரை விளம்பரமா வருது, எல்லாருக்கும் வர்றதுதான், யாருக்கு என்ன நஷ்டம் என்றாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். ஜூலை முதல் தேதி நான் ஏற்றிய முதல் மன்றாட்டு பெட்டியிலிருந்து எடுத்தது இல்லை. புனிதா, வயது நாற்பத்து நான்கு, உறவு மகள், தூக்கமில்லாமல் மாத்திரை சாப்பிடுகிறாள், அவளுக்கு அமைதி கொடும் என்று எழுதி, உன் நம்பரையும் போட்டேன். வைகாசியில் நீ என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னதை. யாரிடமும் சொல்லாதீங்கம்மா என்று நீ சொல்லியிருந்தாய், யாரிடமும் சொல்லவும் இல்லை, அந்தோனியாரிடம் மட்டும்தானே என்று நினைத்துவிட்டேன். உன் அப்பாவுக்கே வாய் திறக்காதவள் உன்னுடையதை விற்கக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. உன்னைத் திட்டி எழுதியதில் ஒரு எழுத்தையும் இதனால் திரும்பப் பெறவில்லை. இரண்டும் உண்மை.

வறுத்த மல்லாட்டைக் கடலையும் கேப்பை மாவும் பார்சலில் வருகிறது, மாவை வெயில் கண்டால் ஒருநாள் காயவைத்து டப்பாவில் போடு. படுக்கும் முன் அந்தப் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படு, மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நீயாக நிறுத்தாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர். அந்தோனியாரும் அன்னை மரியாளும் உன்னைத் தங்கள் கண்முன்னே வைத்திருக்கட்டும், உன் வீட்டுக்குத் தூக்கத்தைக் கொண்டுவரட்டும்.

நேற்றுக் கையெழுத்து வாங்கிய தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பிரவீன்குமாரின் வெள்ளிக்கிழமை வரட்டும், போகட்டும், சித்ராவின் நோட்டீஸ் அன்று காலையிலேயே பதிவுத் தபாலில் போகிறது. அந்தத் தாளின் கடைசியில் ஒரு வரியை வெற்றிடமாக விட்டிருக்கிறேன், என் வாழ்நாளில் முதல்முறையாக. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று நீயும் சொல்ல விரும்பினால் அதில் உன் பெயரைப் போட்டு அனுப்பு, அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்வோம். வேண்டாம் என்றால் அப்படியே திருப்பி அனுப்பு. நான் நிரப்பமாட்டேன்.

உன் அம்மா,
அக்சீலியா சவரிநாதன்